செவ்வாய்க்கிழமை நாய்

ரேலீன் டாபி முப்பத்தொரு வருஷம் மாடு கறந்தவள். தாஸ்மேனியாவின் வடமேற்கு மூலையில், மழைக்கும் சேற்றுக்கும் பஞ்சமில்லாத ஈடித் கிரீக்கில், அவளுக்கும் அவள் புருஷன் நெவ்வுக்கும் இருநூற்றுச் சொச்சம் மாடுகள் இருந்தன. கிறிஸ்துமஸ் என்றாலும் சாவு என்றாலும் மாட்டுக்குத் தெரியாது. விடிகாலை நாலு மணிக்கு மடி கனத்துவிட்டால் அது கத்தும். நெவ்வின் இடுப்பு எலும்பு தேய்ந்து, அவனால் கறவைக்கொட்டாயில் நிற்கவே முடியாமல் ஆனபோது மந்தையை விற்றார்கள். அடுத்த வருஷம் நிலத்தையும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு ஸ்மித்டன் ஊருக்குள் இரண்டு அறை வீட்டுக்கு வந்தார்கள். வீடு மாறியதே தவிர ரேலீனின் உடம்பு மாறவில்லை. அறுபத்திரண்டு வயதிலும் அது நாலு மணிக்கு எழுந்து, போவதற்கு இடமில்லாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டிருந்தது.

இடுப்பு ஆபரேஷன் ஆன இடத்தில் சீழ் வைத்துக்கொண்டதால் நெவ் பர்னி ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்தான். தினமும் ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் வர, ரேலீன் கார் ஓட்டினாள். அப்படி ஒரு நாள் மதியம் பருத்த லாப்ரடார் நாய் ஒன்று, கழுத்தில் பச்சைத் துணி கட்டி, ஒரு கிழவரின் பின்னால் ஆடி அசைந்து வார்டுக்குள் வந்தது. நோயாளிகளைப் பார்க்கவென்றே பழக்கிய நாய் என்றார்கள். நெவ் பேச்சைச் செலவழிக்கிற ஆள் அல்ல. அப்படிப்பட்டவன் அந்த நாயின் காதைப் பிடித்துக்கொண்டு, கடைசி லாரியில் ஏறமாட்டேன் என்று நின்ற நாற்பத்தேழாம் நம்பர் மாட்டைப் பற்றிக் கால் மணி நேரம் சொன்னான். ரேலீனிடம் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாய் கொட்டாவி விட்டது. நெவ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் ரேலீன், "நம்ம ஸ்பட்டும் இத செய்வான்" என்றாள்.

"அவனுக்குச் செய்யத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான்" என்றான் நெவ்.

ஸ்பட் கெல்பி சாதி. மாடு மடக்கப் பிறந்த சாதி. ஆனால் அதற்கு மாட்டை விரட்டவே வராது. மேய்ச்சல் நிலத்தின் நடுவில் போய்ப் படுத்துக்கொள்ளும். என்ன இது என்று மாடுகள் வந்து மோந்து பார்க்கும். யாராவது உட்கார்ந்தால் போதும், ஓடிவந்து அவர்கள் காலில் தன் உடம்பை முழுசாகச் சாய்த்து நின்றுவிடும். எட்டு வருஷமாகத் தண்டச்சோறு.

ரேலீன் விண்ணப்பம் போட்டாள். போலீஸ் சான்று கேட்டார்கள், தடுப்பூசிச் சீட்டு கேட்டார்கள், நாய்க்கு மலம், தோல், பல் என்று மாட்டு டாக்டரே சலித்துப்போகும் அளவுக்குச் சோதனை கேட்டார்கள். பச்சைக் கறி போடக்கூடாது, முந்தின நாள் குளிப்பாட்டியிருக்க வேண்டும், நகத்தை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். குளியல் தொட்டியின் ஓரத்தில் மண்டியிட்டு அவள் நாயைத் தேய்ப்பதைப் பார்த்து நெவ் கதவோரம் கோலை ஊன்றி நின்றான்.

"கல்யாணத்தன்னிக்குகூட என்ன நீ இப்படிக் கவனிக்கல."

"நீ இவன மாதிரி அடங்கி நிக்கலயேப்பா."

பரீட்சை பர்னியில் ஒரு சமூகக் கூடத்தில் நடந்தது. நடத்தியவள் பிலிப்பா. முப்பது வருஷம் நர்சாக இருந்து ஓய்வு பெற்று இப்போது நாய்த் தொண்டர்களைப் பார்த்துக்கொள்பவள். மெலிந்த, குரல் உயர்த்தாத பெண். ஸ்பட்டின் பின்னால் இரும்புத் தட்டைக் கீழே போட்டார்கள். ஸ்பட் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் பார்த்தது. சக்கர நாற்காலியை அதன் மேல் மோதுவதுபோல் ஓட்டினார்கள். தரையில் கோழித்துண்டைப் போட்டுவிட்டு அதைத் தாண்டி நடக்கச் சொன்னார்கள். ஐந்து பேர் ஒரே நேரத்தில் கட்டிப்பிடித்தார்கள். ஐந்தாவது ஆளின் காலில் ஸ்பட் சாய்ந்துகொண்டது.

கடைசியில் ஒரு கட்டில். நோயாளி மாதிரி ஒரு தொண்டர் பெண் படுத்திருந்தாள். நாயின் தலையைத் தடவியபடியே அவள், "என் பையன் நாலு மாசமா போன் பண்ணல" என்றாள்.

"அதெல்லாம் பண்ணுவான். வேல இருக்கும். கவலப்படாதீங்க" என்றாள் ரேலீன். "சரி ஸ்பட், வா, வா. அடுத்தது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த டீயை ஊற்றிக்கொண்டிருந்தபோது பிலிப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாய் பாஸ். இவ்வளவு நல்ல நாய நான் பாத்து ரொம்ப நாளாச்சு."

"அப்பாடா."

"நீங்க ஃபெயில், ரேலீன்."

ரேலீன் டீயைக் கையில் வைத்தபடியே திரும்பினாள்.

"இதுல நாய் தனி, ஆள் தனின்னு கிடையாது. ரெண்டும் சேந்து ஒரு ஜோடி. அந்தம்மா மகனப் பத்திச் சொன்னாங்க. நீங்க ஒரு மூடி போட்டு அடச்சிட்டீங்க. கறவக்கொட்டாய்ல மாடு வரிசையா நிக்குமே, அந்த மாதிரி கட்டில பாக்குறீங்க."

"முப்பது வருஷம் அப்படித்தான் பாத்தேன்."

"தெரியுது. ஆறு வாரம் கழிச்சு மறுபடி வாங்க. அதுவர யார்கிட்டயாவது சும்மா உக்காந்து பழகுங்க. பதில் சொல்லாம."

திரும்பி வரும் வழியெல்லாம் ரேலீன் கோபத்தில் வாயைத் திறக்கவில்லை. பேசுவதற்குக் காரில் நாய்தான் இருந்தது, அதுதான் பாஸாகிவிட்டதே. வீட்டில் சொன்னபோது நெவ் இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தான். ஆனாலும் அடுத்த நாளிலிருந்து சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பத்து நிமிஷம் பழகிப் பார்த்தார்கள். அவன் ஏதாவது சொல்வான். அவள் பதில் சொல்லக்கூடாது.

"கால் வீங்கியிருக்கு" என்றான் நெவ்.

"மாத்திர போட்டியா?"

"பாத்தியா. ஃபெயில்."

இரண்டு வாரம் கழித்துத்தான் அவளால் வாயை மூடிக்கொண்டு உட்கார முடிந்தது. அப்படி உட்கார்ந்தபோது எத்தனை களைப்பு உடம்புக்குள் தேங்கியிருக்கிறது என்பது அவளுக்கே புரிந்தது. வேலை செய்யும்போது தெரியாத களைப்பு அது. நின்றால்தான் மேலே வந்து விழும். ஆறாவது வாரம் மறுபடி பரீட்சைக்குப் போனாள். கட்டிலில் படுத்திருந்த பெண் இந்த முறை தன் பூனை செத்துப்போனதாகச் சொன்னாள். ரேலீன் ஒன்றும் சொல்லவில்லை. பிலிப்பா தலையசைத்தாள். இரண்டு அட்டைகள் வந்தன, ஒன்றில் ரேலீன் படம், இன்னொன்றில் ஸ்பட் படம். நாயின் படம்தான் நன்றாக விழுந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி முதல் மூன்று மணிவரை அவர்களுடைய முறை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, நாய்க்கு அலுத்துவிடும். முதலில் ரேலீன் இதை நம்பவில்லை. படுத்துக் கிடக்கிற நாய்க்கு என்ன அலுப்பு? முதல் வாரம் முடிந்து காரில் ஏறியதுமே ஸ்பட் பின்சீட்டில் செத்த பிணமாகத் தூங்கி, வீடு வந்தும் எழ மறுத்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு தகப்பன் தன் மகளின் கையைப் பிடித்து நாயின் முதுகில் வைத்தான். அந்தப் பெண்ணுக்கு அந்தக் கை இனி அசையாது. ஒரு கிழவி, ஸ்பட்டைத் தன் பழைய நாய் என்றே நினைத்து, இத்தனை நாள் எங்கே போனாய் என்று திட்டினாள். ஒன்றுமே பேசாத ஒருவர், நாய் போகும்போது மட்டும் "தேங்க்ஸ்" என்றார். யாருக்கும் ரேலீன் ஒன்றும் செய்யவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கே முட்டி கழன்றது.

நாலாவது செவ்வாய்க்கிழமை எலும்பு வார்டில் பிமலா என்ற நேபாள நர்ஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். தான் ஒரு முறை ஸ்பட்டின் தலையில் முகத்தைப் புதைத்து எழுந்த பிறகுதான் அவள் யாரையும் உள்ளே விடுவாள்.

"நாலாம் கட்டில்காரர் காலைலேர்ந்து நாய் எப்ப வரும், நாய் எப்ப வரும்னு உயிர எடுக்கறாரு. சர்க்கர வியாதி. முட்டிக்குக் கீழ ஒரு கால எடுத்துட்டாங்க. இதுவர எங்ககிட்ட ஒரு நல்ல வார்த்த பேசல. போங்க, உங்க பாடு."

நோயாளியின் பெயரைத் தொண்டர்களுக்குச் சொல்லும் வழக்கம் இல்லை. ரேலீன் திரையை விலக்கினாள். தலையணையில் சாய்ந்திருந்தவன் அவளைப் பார்க்கவில்லை, நாயைத்தான் பார்த்தான். வெளுத்த தாடி, கன்னம் ஒட்டிப்போன முகம். போர்வைக்குள் ஒரு கால் நீளமாகவும் இன்னொன்று பாதியிலும் நின்றிருந்தது. ஸ்பட் நேராகப் போய் மெத்தையின் மேல் தாடையை வைத்தது.

"கெல்பியா?"

"கெல்பிதான். வேலைக்கு ஆகாதவன்."

குரலைக் கேட்டு அவன் நிமிர்ந்தான். அப்போதுதான் அவளுக்கும் தெரிந்தது. டெஸ் பக்பி. ஈடித் கிரீக்கில் வேலிக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டு, கொஞ்சம் கறவை மாடும் வைத்திருந்தவன். நெவ்வோடு பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே அணியில் கால்பந்து ஆடி, அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். இருபத்திரண்டு வருஷமாக இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு இல்லை.

"டாபி வீட்டம்மா" என்றான் டெஸ்.

"டெஸ்."

"உங்க வீட்டு ஆளுங்க நாயோட ஆஸ்பத்திரிக்கு வர்ற காலமும் வந்துடுச்சா? துப்பாக்கி எங்க, கார்லயா?"

"வேண்டாம்னா போயிடறேன்."

"நான் நாயத்தான் கேட்டேன். அத விட்டுட்டு நீ வெளிய போய் நில்லு."

"கயிறு என் கைலதான் இருக்கணும். அதுதான் சட்டம்."

"அப்ப அந்தப் பக்கம் பாத்து நில்லு."

முன்பே தெரிந்த ஆளைப் பார்த்தால் உடனே வெளியே வந்து பிலிப்பாவிடம் சொல்ல வேண்டும், அதுவும் சட்டம்தான். ஆனால் டெஸ்ஸின் கை ஏற்கெனவே ஸ்பட்டின் காதுக்குப் பின்னால் போயிருந்தது. ரேலீன் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே கார்கள், அதற்கப்பால் கூரைகள், அதற்கும் அப்பால் சாம்பல் நிறத்தில் கடல்.

டெஸ் நாயிடம் பேசினான்.

"உன்ன மாதிரி சோம்பேறி இல்லடா எங்க ஜிப். நீலச் சாம்பல் நெறம். ஒரு விசில் அடிச்சாப் போதும், மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாட்டக்கூட கொண்டாந்து நிறுத்துவான். என் பொண்டாட்டி செத்துப்போன வருஷம் அவன்தான் எனக்கு எல்லாம். ஒரு நாள் காலைல போனவன் வரல. நாலு சாயங்காலம் வேலியோரமா நடந்து நடந்து கூப்ட்டேன். அடிபட்டு எங்கயாவது கெடக்கறானோ, கண்ணியில மாட்டிட்டானோன்னு. செத்துட்டான்னு யாராவது சொல்லியிருந்தாக்கூடப் போதும்டா. நேரா நெவ் கிட்டப் போய்க் கேட்டேன். 'சுட்டா என்ன, சுடலேன்னா என்ன'ங்கறான். என் சிநேகிதன். பெரிய சிநேகிதன்."

அந்த நாலு சாயங்காலங்களும் ரேலீனுக்குத் தெரியும். கறவைக்கொட்டாயில் நின்றால் வேலிப்பக்கத்துக் குரல் தெளிவாகக் கேட்கும். அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

அவள் திரும்பாமலே, ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி, "நெவ் இல்ல, டெஸ்" என்றாள். "நான்."

நாயைத் தடவிய கை நின்றது.

"கன்னு போடற காலம். பத்து நாள்ல நாலு கன்ன எதுவோ கிழிச்சுப் போட்டிருந்துச்சு. விடியறதுக்கு முன்னாடி துப்பாக்கிய எடுத்துக்கிட்டு நான் மட்டும் போனேன். பனி. ஒரு கன்னு கீழ கெடக்கு, அது மேல ஒரு நாய் குனிஞ்சு நிக்குது. சுட்டேன். கிட்டப் போனா, கன்னு உயிரோட இருந்துச்சு. அப்பத்தான் பொறந்திருக்கு. ஜிப் மாடு போட்ட நஞ்சுக்கொடியத்தான் தின்னுக்கிட்டு இருந்திருக்கான். நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே அந்தக் கன்னு எழுந்து நின்னுச்சு. அதுக்கப்புறமும் வேற கன்னுங்க செத்துச்சு. குப்பமேட்டு நாய்ங்க அது. அப்புறமாத்தான் புடிச்சாங்க."

டெஸ் நாயின் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"அவன் சுட்டிருந்தா உன்கிட்ட சொல்லியிருப்பான். என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் அப்படிச் சொன்னான்."

"போ" என்றான் டெஸ்.

ஸ்பட் எழவில்லை. அதன் தாடையை மெத்தையிலிருந்து அவளே தூக்கி இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. பாக்கியிருந்த கட்டில்களுக்குப் போக அவளுக்குத் தெம்பில்லை. பிமலாவிடம் நாய்க்கு அலுத்துவிட்டது என்றாள்.

நேராகப் பிலிப்பாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பிலிப்பா அதைத் தொடவில்லை.

"தெரிஞ்ச ஆள்னு தெரிஞ்ச உடனே வெளிய வந்திருக்கணும்."

"ஆமா."

"உங்க மனசுல இருக்கறத எறக்கி வைக்க அவங்க கட்டில் எடம் இல்ல, ரேலீன். அவருக்கு எழுந்து போக ஒரு கால் இல்ல."

இது அவள் நினைத்திராத அடி. சொன்னது சரி என்பதால் இன்னும் வலித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் இத எழுதித்தான் ஆகணும்" என்றாள் பிலிப்பா. "அவர்கிட்டயும் பேசறேன். வேண்டாம்னு சொன்னா அந்த வார்டுக்கு நீங்க போக வேண்டாம். வேற எங்கயாவது போடறேன். அட்டைய எடுத்துக்குங்க. இன்னிக்கு முடிவு எதுவும் பண்ணாதீங்க. கார் ஓட்ட முடியுமா?"

"ஓட்டித்தானே ஆகணும்."

வீட்டில் நெவ் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் விழுந்தாள்.

"டெஸ் ஆஸ்பத்திரியில இருக்கான். கால எடுத்துட்டாங்க. சொல்லிட்டேன்."

நெவ் டிவியை அணைத்தான். எதைச் சொன்னாய் என்று அவன் கேட்கவில்லை.

"என்ன சொன்னான்?"

"போன்னான்."

நெவ், "எனக்கு அலுத்துப்போச்சு, ரே" என்றான். "இருபத்திரண்டு வருஷம். பால் சொசைட்டிக் கூட்டத்துல அவன் இந்த மூலையில, நான் அந்த மூலையில. அவன் பொண்ணு கல்யாணத்துக்கு ஊரே போச்சு. நம்ம ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து டின் சூப் குடிச்சோம்."

"நான் உன்ன அப்படிச் சொல்லச் சொல்லலயே."

"சொல்லல. வேண்டாம்னும் சொல்லல." அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. "ஒரு நாள் நீயே போய்ச் சொல்லுவேன்னு பாத்தேன். அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்."

சமையலறையில் பத்து நிமிஷம் பழகியது இப்போது உதவியது. அவள் பதில் சொல்லவில்லை. அவன் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். அவன் சொல்ல நிறைய இருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் போயிற்று.

வியாழக்கிழமை பிலிப்பா போன் செய்தாள். "டெஸ்கிட்டப் பேசினேன். நாய் வரணுமாம். 'அந்தப் பொம்பளையும் கூட வரணும்னா வரட்டும், வேற வழி இல்லயே'ன்னாரு. நீங்க மாட்டேன்னாலும் யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

ரேலீன் யோசித்தாள். அந்த ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தை நினைத்தாலே தோள் வலித்தது. போகாமல் இருப்பதற்கு எல்லா நியாயமும் இருந்தது. திங்கட்கிழமை மதியம் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஸ்பட்டைக் கூப்பிட்டாள்.

அடுத்த நாள் திரையை விலக்கியபோது டெஸ் உட்கார்ந்திருந்தான். யாரோ தாடியைச் சீராக்கியிருந்தார்கள். ஸ்பட் தன் இடத்துக்குப் போய்த் தாடையை வைத்தது. ரேலீன் ஜன்னல் பக்கம் திரும்பப் போனாள்.

"இந்தப் பக்கமே நில்லு" என்றான் டெஸ். "ஒண்ணு கேக்கணும். உடனே போயிட்டானா?"

"உடனே. அடுத்த சத்தமே இல்ல."

"பொய் சொல்லாத."

"சொல்லல. சொல்லணும்னா இத்தன வருஷத்துல நல்ல பொய்யா ஒண்ணு யோசிச்சிருப்பேன்."

அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "எங்க பொதச்சே?"

"அணைக்கட்டுக் குட்டை தெரியுமில்ல, மேக்கால? அதோட கரையில. கருவேல மரம் ஒண்ணு நின்னுச்சே, அதுக்குக் கீழ. கழுத்துப்பட்டையோட."

"அந்த மரமா? என் எடத்துலேர்ந்து பாத்தா தெரியுமே அது." டெஸ் கண்ணை மூடினான். "தினம் பாத்திருக்கேன். வீட்டுக்குப் போனதும் என் பொண்ண வண்டியெடுக்கச் சொல்லணும். ஒரு தடவ போய்ப் பாக்கணும்."

இந்தக் கேள்வி வரும் என்று அவள் பயந்துகொண்டேதான் வந்திருந்தாள்.

"டெஸ், அந்த எடம் இப்ப இல்ல. நிலத்த வாங்கின கம்பெனிக்காரன் குட்டைய மூடிட்டான். மரத்தயும் தள்ளிட்டான். சுத்திச் சுத்தித் தண்ணி பாய்ச்சற பெரிய மெஷின் போட்டிருக்கான் இப்ப. புல்டோசர் வந்தன்னிக்கு நான் ரோட்டுல நின்னு பாத்தேன். சொல்லியிருக்கலாம். கொஞ்சம் இருங்கன்னு சொல்லித் தோண்டி எடுத்திருக்கலாம். எதுக்குன்னு கேப்பானேன்னு சும்மா வந்துட்டேன்."

டெஸ் நாயின் காதைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். கண்ணோரம் நனைந்து தாடிக்குள் இறங்கியது. அவன் துடைக்கவில்லை. தள்ளுவண்டி ஒன்று வெளியே கடகடத்துப் போயிற்று.

"மன்னிச்சேன் கின்னிச்சேன்னு எல்லாம் என்கிட்ட எதிர்பாக்காத" என்றான் கடைசியில்.

"நான் கேக்கல."

"கேக்காத." மூக்கை உறிஞ்சினான். "நெவ்வுக்கு இடுப்பு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன்."

"ஆச்சு. சீழ் வெச்சு ஆறு வாரம் இதே மாடியிலதான் கெடந்தான். இப்ப கோல் புடிச்சு நடக்கறான்."

"முட்டாப்பய" என்றான் டெஸ். மூன்று மணியானதும் ரேலீன் கயிற்றை லேசாக இழுத்தாள். ஸ்பட் எழுந்தது. டெஸ் திரையைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடியே, "அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரம் வரப் பாரு. இனிமே ரெண்டு மணிக்கு அந்த பிசியோதெரபிப் பொண்ணு வந்து என் உசுர வாங்கப்போறா" என்றான்.

ரேலீன் பிலிப்பாவிடம் கேட்டு நேரத்தை ஒரு மணிக்கு மாற்றிக்கொண்டாள்.

டெஸ் பக்பி அந்த வார்டில் இன்னும் ஆறு வாரம் இருந்தான். ஒவ்வொரு செவ்வாயும் அவர்கள் போனார்கள். சில நாள் அவன் பேசினான், சில நாள் முழு நேரமும் நாயின் தலையில் கை வைத்துத் தூங்கினான். ஒரு நாள் கடுகடுவென்று இருந்து, துப்பாக்கியைப் பற்றி மறுபடி குத்திக்காட்டினான், அவள் கேட்டுக்கொண்டாள். பொய்க்காலை முதன்முதல் மாட்டிய அன்று வலியில் யாரையும் பார்க்க மாட்டேன் என்றான். ரேலீன் திரைக்கு வெளியே நிற்க, ஸ்பட் தானாகத் திரைக்கு அடியில் தலையை நுழைத்தது. கயிறு நீளமாக இருந்ததால் சட்டம் மீறப்படவில்லை.

ஐந்தாவது வாரம் நெவ் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அன்று வண்டி நிறுத்துமிடத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினான். அதற்கடுத்த வாரம், "லிஃப்ட் எந்தப் பக்கம்?" என்றான்.

பிமலா அவனைப் பார்த்துவிட்டு, முதலில் நாயைக் கொஞ்சவேண்டியதைக்கூட மறந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து நாலாம் கட்டிலருகே போட்டாள். நெவ் கோலைக் கால்களுக்கு நடுவே ஊன்றி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்தான். டெஸ் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"கெழவனாயிட்டடா."

"உனக்கு ஒரு கால் கொறையுதேடா."

"அதுலதான் உன்ன ஒதைக்கணும்னு வெச்சிருந்தேன்."

நெவ் தரையைப் பார்த்தான். டெஸ் கூரையைப் பார்த்தான். இந்த வருஷம் உருளைக்கிழங்கு எப்படி என்று நெவ் கேட்டான். நான் எங்கே போட்டேன், எல்லாவற்றையும் மருமகன் பார்த்துக்கொள்கிறான், அவனுக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று டெஸ் ஆரம்பித்தான்.

ஸ்பட்டுக்கு மூச்சு வாங்கியது. வார்டில் உஷ்ணம் அதிகம். ரேலீன் அதைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், பையிலிருந்து கிண்ணத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. இன்னும் மூன்று கட்டில் பார்க்க வேண்டும், பிறகு ஒரு மணி நேரம் கார். உள்ளேயிருந்து இரண்டு குரல்களும் மெதுவாக, இடையிடையே நின்று நின்று, வந்துகொண்டிருந்தன. அவள் அதைக் கேட்க முயலவில்லை. நாய் குடித்து முடிக்கும்வரை கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.